ஒரு உலோகமா, இரண்டா? நிலக்கரி நிலையத்தில் பிறந்த பாலித்தீனும் எழுபது வருட வழக்கும்

நெய்வேலிப் பக்கத்து ஆட்களிடம் நிலக்கரி என்று சொன்னால் உடனே ஞாபகம் வருவது கரண்டுதான். கொஞ்சம் வயதானவர்கள் லெக்கோ கரியையும் யூரியாவையும் சேர்த்துச் சொல்வார்கள். 1956-இல் நிறுவனம் பதிவானபோது கனவு சுரங்கத்தோடும் அனல்மின் நிலையத்தோடும் நிற்கவில்லை. பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா செய்ய ஒரு ஆலை, கரித்தூளை அழுத்திச் சுட்டு லெக்கோ செய்ய ஒரு ஆலை, அங்கே வடியும் தாரிலிருந்து கார்பாலிக் அமிலம் என்று ஒரு ரசாயனக் குடும்பமே இங்கே இருந்தது. 1960-களின் நடுவில் ஓடத் தொடங்கிய அந்த ஆலைகள் 2000-களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு நெய்வேலி என்றால் கரண்டு மட்டும்தான்.

ஆனால் நிலக்கரிக்கும், முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்புகளில் மண்ணோடு மண்ணாக ஓடும் கறுப்பு சொட்டுநீர்க் குழாய்க்கும் ஒரு பழைய உறவு உண்டு. அந்தக் குழாய் பாலித்தீன். அதைக் குறைந்த அழுத்தத்தில் செய்யும் வித்தை கண்டுபிடிக்கப்பட்டது பெட்ரோலியக் கம்பெனியில் இல்லை, ஒரு நிலக்கரி ஆராய்ச்சி நிலையத்தில். கண்டுபிடித்த நாளிலிருந்தே அந்த வித்தையைச் சுற்றி ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது: வேலையைச் செய்வது ஒரு உலோக அணுவா, இரண்டு சேர்ந்தா? இந்தக் கட்டுரை அந்த வழக்கின் வரலாறு. தீர்ப்பு ஒரு முறை இப்படி வந்தது, பிறகு அப்படி வந்தது, இப்போது மறுபடி விசாரணையில் இருக்கிறது.

ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரிக்கும் எஃகுக்கும் பேர்போனது. அங்கே மூல்ஹைம் என்ற ஊரில் 1912-இல் கைசர் வில்ஹெல்ம் நிலக்கரி ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது (இன்று அது மாக்ஸ் பிளாங்க் நிலையம்). முதல் இயக்குநர் ஃபிரான்ஸ் ஃபிஷர். நிலக்கரி வாயுவிலிருந்து பெட்ரோல் செய்யும் ஃபிஷர்–டிராப்ஷ் முறை 1925 வாக்கில் பிறந்தது இங்கேதான். அவருக்குப் பின் 1943-இல் கார்ல் சீக்லரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு நிபந்தனை போட்டார்: வருகிறேன், ஆனால் நிலக்கரியைத்தான் ஆராய வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது, கார்பன் வேதியியலில் எனக்குப் பிடித்ததைச் செய்வேன். போர் நடக்கும் காலம், எண்ணெய்க்கு நாடே தவிக்கிறது, நிலக்கரி நிலையத்துக்கு வரும் தலைவர் கரியைத் தொட மாட்டேன் என்கிறார். அதற்கும் சம்மதித்துக் கூட்டி வந்தார்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

கரியை அவர் விட்டாலும் கரி அவரை விடவில்லை. ரூரில் கல்கரி சுடும் உலைகளிலிருந்து வரும் வாயுவில் எத்திலீன் இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில், மலிவாக. எத்திலீன் என்பது இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்திருக்கும் சின்ன மூலக்கூறு. அந்த இரட்டைப் பிணைப்பில் ஒன்றைத் திறந்து, பூ கட்டுவது போல ஒன்றோடு ஒன்றாகத் தொடுத்துக்கொண்டே போனால் பாலித்தீன். இரட்டைப் பிணைப்புள்ள இந்த வகைக்குப் பொதுப் பெயர் ஓலிஃபின்.

பாலித்தீன் அப்போது புதிதல்ல. இங்கிலாந்தில் ஐசிஐ கம்பெனியின் கிப்சனும் ஃபாசெட்டும் 1933-லேயே எதிர்பாராமல் அதைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் அதற்கு 1,000 வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தம் வேண்டும். அந்த முறையில் சங்கிலி கன்னாபின்னாவென்று கிளைவிடும், பொருள் மெத்தென்று இருக்கும். போர்க்காலத்தில் ராடார் கம்பிகளுக்கு உறையாக அது உதவியது. இந்தியாவுக்கு முதலில் வந்ததும் இந்த உயர் அழுத்தச் சரக்குதான்: 1959-இல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ரிஷ்ராவில் ஐசிஐயின் கிளைக் கம்பெனி ஆலை தொடங்கியது. எத்திலீன் பெட்ரோலியத்திலிருந்து வரவில்லை, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் காய்ச்சிய ஆல்கஹாலிலிருந்து! ஐசிஐ அதற்கு வைத்த வியாபாரப் பெயர் ஆல்காத்தீன். கறுப்புத் தண்ணீர்க் குழாய் எதுவானாலும் 'ஆல்காத்தீன் பைப்' என்று இன்றும் சிலர் சொல்கிறார்களே, அந்தப் பேச்சு அங்கிருந்து வந்தது.

சீக்லரிடம் திரும்புவோம். அவருடைய செல்லப்பிள்ளை டிரைஎத்தில் அலுமினியம். ஒரு அலுமினிய அணு, அதில் மூன்று இரண்டு-கார்பன் வால்கள். காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் திரவம். (சந்திரனுக்குப் போன சாட்டர்ன் ஐந்து ராக்கெட்டின் முதல் கட்ட எஞ்சினைப் பற்றவைக்க இதையும் இதன் போரான் தம்பியையும் கலந்துதான் பயன்படுத்தினார்கள்.) இதோடு எத்திலீனைச் சேர்த்துச் சூடாக்கினால் ஒவ்வொரு வாலிலும் எத்திலீன் இரண்டிரண்டு கார்பனாக ஒட்டிக்கொண்டு நீளும். ஒரே உலோகம், ஒழுங்கான வேலை. ஒரே குறை, சங்கிலி சில பத்துக் கார்பன்களோடு நின்றுவிடும். பிளாஸ்டிக் ஆக வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் வேண்டும்.

1953 வாக்கில் ஹோல்ஸ்காம்ப் என்ற முனைவர் பட்ட மாணவர் இதே வினையைச் செய்தபோது சங்கிலி கொஞ்சம்கூட நீளவில்லை. வந்தது பியூட்டீன், அதாவது வெறும் நான்கு கார்பன். ஒரு எத்திலீன் சேர்ந்ததுமே சங்கிலி கழன்று விழுந்திருக்கிறது. சாதாரணமாக இந்த இடத்தில் வழிகாட்டி என்ன சொல்வார்? 'பாத்திரத்தை ஒழுங்காகக் கழுவித் திரும்பச் செய்.' வேடிக்கை என்னவென்றால், பாத்திரத்தைக் கழுவியதுதான் வினையே. துருப்பிடிக்காத எஃகில் நிக்கல் உண்டு. கழுவும்போது அதில் ஒரு துளி கரைந்து கலத்தின் உள்சுவரில் தங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த நிக்கல், பக்கத்தில் அலுமினியம் இருக்கும்போது, சங்கிலியை வெட்டிவிடும் கத்தரியாக வேலை செய்தது. நிக்கல் மட்டும் இருந்தால் நடக்காது, அலுமினியம் மட்டும் இருந்தாலும் நடக்காது. வேதியியல் புத்தகங்களில் இதற்கு 'நிக்கல் விளைவு' என்று பெயர்.

என்னைக் கேட்டால், நோபல் பரிசு உண்மையில் சம்பாதிக்கப்பட்டது இந்த இடத்தில்தான். நிக்கல் என்று தெரிந்ததும் சீக்லர் குழு அதை விரட்டி அடித்துவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்பவில்லை. நிக்கல் இப்படிச் செய்தால் மற்ற உலோகங்கள் என்ன செய்யும் என்று அட்டவணையை வைத்துக்கொண்டு வரிசையாகத் தேட ஆரம்பித்தார்கள். அவர்கள் தேடியது இன்னும் கூர்மையான கத்தரியைத்தான் என்பதையும் சொல்ல வேண்டும். கிடைத்தது ஊசி-நூல். 1953 அக்டோபர் கடைசியில் பிரைல் என்ற இன்னொரு மாணவர் சிர்கோனியம் சேர்மத்தைப் போட்டுப் பார்த்தபோது கலத்துக்குள் வெள்ளை வெளேரென்று கெட்டியாகப் பாலித்தீன் அடைத்துக்கொண்டு நின்றது. பிறகு ஹைன்ஸ் மார்ட்டின் டைட்டானியம் டெட்ராகுளோரைடைப் போட்டார். அழுத்தமே தேவைப்படவில்லை, சாதாரணக் கண்ணாடி ஜாடியிலேயே பாலித்தீன் வந்தது. நவம்பர் 17 அன்று காப்புரிமை மனு போய்விட்டது. ஹோல்ஸ்காம்ப், பிரைல், மார்ட்டின் ஆகிய மூன்று பெயர்களையும் பாடப்புத்தகங்களில் தேடினால் கிடைக்காது.

இத்தாலியில் ஜூலியோ நாட்டா இதே கலவையை எடுத்துக்கொண்டு, எத்திலீனுக்குப் பதில் மூன்று கார்பன் உள்ள புரொப்பிலீனைத் தொடுக்கச் சொன்னார். 1954 மார்ச்சில் அவருடைய குழுவில் பாவ்லோ கினி செய்த சோதனையில் பாலிபுரொப்பிலீன் வந்தது. சங்கிலியின் பக்கவாட்டில் தொங்கும் கார்பன்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. இந்த ஒழுங்குக்கு 'ஐசோடாக்டிக்' என்று பெயர் வைத்தவர் நாட்டாவின் மனைவி ரோசிட்டா. சீக்லருக்கும் நாட்டாவுக்கும் இதனால் மனஸ்தாபம் வந்தது. இருந்தாலும் 1963-இல் இருவரும் சேர்ந்தே நோபல் மேடை ஏறினார்கள். அமெரிக்காவில் பாலிபுரொப்பிலீன் காப்புரிமை வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்து, 1983-இல் பிலிப்ஸ் கம்பெனியின் ஹோகனுக்கும் பேங்க்ஸுக்கும் சாதகமாக முடிந்தது தனிக்கதை.

சீக்லரின் முறை இந்தியாவுக்கு வந்தது 1968-இல், தாணேவுக்கு. (புயல் இல்லை, பம்பாய்க்குப் பக்கத்து ஊர்.) ஹோக்ஸ்ட் கம்பெனியும் மஃபத்லாலும் சேர்ந்து நடத்திய பாலியோலிஃபின்ஸ் இண்டஸ்ட்ரீஸ் அங்கே அடர்த்தி கூடிய பாலித்தீனைச் செய்யத் தொடங்கியது. வாளி, குடம், கேன் என்று கெட்டி பிளாஸ்டிக் நம் வீடுகளுக்குள் நுழைந்தது அந்தக் காலத்தில்தான். அடுத்த வருடம் வடோதராவை மையமாக வைத்து அரசு நிறுவனமான ஐபிசிஎல் தொடங்கப்பட்டது. ஆலை நமது, மூலப்பொருள் நமது, ஆனால் வினையூக்கியும் அதன் ரகசியமும் வெளியே இருந்து வரும். உரிமம் வாங்கினால் எப்படிப் போடுவது என்று சொல்வார்கள், ஏன் வேலை செய்கிறது என்று சொல்ல மாட்டார்கள்.

அந்த 'ஏன்'-ஐப் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் சுவாமிநாதன் சிவராம். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இளங்கலை, கான்பூர் ஐஐடியில் முதுகலை, பிறகு அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் எச்.சி.பிரவுனிடம் முனைவர் பட்டம். (பிரவுனுக்கு 1979-இல் நோபல் கிடைத்தது.) திரும்பி வந்து ஐபிசிஎல் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தார். 1977-இல் அவர் எழுதிய, இரண்டாம் தலைமுறை சீக்லர் முறைகளைப் பற்றிய விரிவான கட்டுரை இந்தத் துறையில் பலரும் எடுத்தாண்ட ஒன்று. 1988-இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துக்குப் போய், 2002 முதல் 2010 வரை அதன் இயக்குநராக இருந்தார். 2006-இல் பத்மஸ்ரீ. இரண்டாம் தலைமுறை என்பதன் சாரம் இதுதான்: டைட்டானியத்தை மெக்னீசியம் குளோரைடு என்ற உப்பின் மேல் பரப்பி உட்கார வைத்தால் அதன் வேகம் பல மடங்கு கூடும். அவ்வளவு குறைவான உலோகம் போதும் என்பதால், செய்த பிளாஸ்டிக்கிலிருந்து அதைக் கழுவி எடுக்கும் செலவே மிச்சம். இப்போது கணக்குப் பாருங்கள்: டைட்டானியம், அலுமினியம், மெக்னீசியம். ஆலையில் ஓடுவது மூன்று உலோகக் கூட்டணி. இதில் சங்கிலியைத் தொடுப்பது யார்?

இங்கேதான் வழக்கு சூடுபிடிக்கிறது. 'கூட்டுறவு விளைவு' என்று ஆய்வுக் கட்டுரைகளில் எழுதுவார்கள். கூட்டுறவு என்றால் நமக்கு நகைக்கடனும் ரேஷன் கடையும்தான் ஞாபகம் வரும் என்பதால் நான் 'கூட்டுவேலை' என்றே எழுதுகிறேன்.

நாட்டாவின் கட்சி, இரண்டு உலோகம். 1957-இல் அவரும் பினோ முதலானவர்களும் டைட்டானியமும் அலுமினியமும் இரண்டு குளோரின் பாலங்களால் இணைந்த ஒரு நீலப் படிகத்தைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அது எத்திலீனைத் தொடுக்கவும் செய்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இரண்டு உலோகமும் பாலத்தில் நிற்கின்றன, பாலத்தின் நடுவில் சங்கிலி வளர்கிறது என்றார்கள். 1958-இல் ஜெர்மனியில் பட்டாட், சின் என்ற இருவரும் இதே போல ஒரு இரட்டை உலோகப் பாலத்தை முன்வைத்தார்கள். ஏற்றம் இறைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: மேலே ஒருவர் மிதிக்க வேண்டும், கீழே ஒருவர் சாலைப் பிடித்து ஊற்ற வேண்டும். ஒருவர் இல்லையென்றாலும் தண்ணீர் வராது.

எதிர்க்கட்சி ஆம்ஸ்டர்டாமில் ஷெல் கம்பெனி ஆய்வகத்தில் இருந்த பீட் கோசே. 1960-களின் தொடக்கத்தில் அவர் வரைந்த படம் ரொம்ப எளிமையானது. டைட்டானியத்தைச் சுற்றி ஆறு இடம். ஐந்தில் ஆள் இருக்கிறது, ஒன்று காலி. காலி இடத்தில் எத்திலீன் வந்து உட்காரும். பக்கத்து இடத்தில் இருக்கும் சங்கிலி எழுந்து வந்து எத்திலீனோடு சேர்ந்துகொள்ளும். சங்கிலி விட்டுவந்த இடம் இப்போது காலி. அடுத்த எத்திலீன் அங்கே உட்காரும். இதில் அலுமினியத்துக்கு வேலையே இல்லை. முதலில் ஒரு வாலைக் கொடுத்து, ஒரு குளோரினைப் பிடுங்கிக் கதவைத் திறந்துவிட்டு அது போய்விடலாம்.

கோசேயின் படம் ஜெயித்தது. ஜெயிக்க வைத்தது படத்தின் அழகு மட்டும் இல்லை. 1986-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜோர்டன் அலுமினியமே இல்லாமல், நேர்மின்னேற்றம் கொண்ட ஒரே ஒரு சிர்கோனியம் உள்ள சேர்மத்தால் எத்திலீனைத் தொடுத்துக் காட்டினார். 1991-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டோபின் மார்க்ஸ் குழு, ஃபுளோரின் சூழ்ந்த ஒரு போரான் சேர்மம் சிர்கோனியத்திலிருந்து ஒரு மெத்திலைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்தில் எதிரயனியாக நிற்பதைப் படிக வடிவத்தோடு காட்டியது. அதாவது கதவைத் திறக்க ஒரு ஆள் வேண்டும், உள்ளே வேலை பார்ப்பது ஒரே உலோகம். 'தானே' செய்யும். (இப்போது புயலும் இல்லை, ஊரும் இல்லை.)

இடையில் ஹாம்பர்க்கில் ஒரு தண்ணீர்க் கதை. அலுமினிய சேர்மங்களுக்குத் தண்ணீர் பரம எதிரி, ஒரு துளி பட்டால் போச்சு என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 1976 வாக்கில் சின், காமின்ஸ்கி ஆகியோரின் ஆய்வகத்தில் அப்படித் தண்ணீர் கலந்த ஒரு சோதனையில், செத்துப்போயிருக்க வேண்டிய வினை பாய்ந்து ஓடியது. தண்ணீரும் டிரைமெத்தில் அலுமினியமும் சேர்ந்து மெத்தில்அலுமினாக்சேன் என்ற, அலுமினியமும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் கூண்டு போன்ற பொருளாகியிருந்தது. சிர்கோனியத்தோடு இதைச் சேர்த்தால் வேகம் நம்ப முடியாத அளவுக்குப் போனது. ஆனால் ஒரு சிர்கோனியத்துக்கு ஆயிரம், சில நேரம் அதற்கும் மேல் அலுமினியம் கொட்ட வேண்டும். 1958-இல் இரட்டைப் பாலம் என்று எழுதியவரும் இந்தச் சின்தான் என்பதைக் கவனியுங்கள். கதவைத் திறப்பது மட்டும்தான் அலுமினியத்தின் வேலை என்றால், ஒரு கதவுக்கு ஆயிரம் காவல்காரர்கள் எதற்கு? 'ஒரு உலோகம் போதும்' என்ற தீர்ப்பு சரிதான் என்றாலும், இந்தக் கேள்வி ஓரத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

2000-க்குப் பிறகு வழக்கு மறுபடி திறந்தது. திறந்தவர், ஒற்றை உலோகத்துக்குச் சாட்சி சொன்ன அதே மார்க்ஸ். ஆனால் இந்த முறை கேள்வி வேறு. ஒரு உலோகம் போதுமா என்பதில்லை, அது முடிந்த கதை. தனியாகவே வேலை தெரிந்த இரண்டு உலோகங்களை ஒரு குட்டிக் கயிற்றால் பக்கத்துப் பக்கத்தில் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? நாட்டாவின் அலுமினியம் எடுபிடி. மார்க்ஸின் இரண்டாவது சிர்கோனியம் சரிசமமான தொழிலாளி. இரண்டையும் 'இரட்டை உலோகம்' என்ற ஒரே பெயரில் அழைப்பதால் பல கட்டுரைகளில் குழப்பம் வருகிறது.

2002-இல் வந்த முடிவு இதுதான். இரண்டு சிர்கோனிய மையங்களை இரண்டு கார்பன் நீளப் பாலத்தால் இணைத்தார்கள். கதவு திறக்கும் போரானையும் இரட்டையாக இணைத்துப் பார்த்தார்கள். தனி சிர்கோனியத்தோடு ஒப்பிட்டால், இணைத்தபோது சங்கிலியில் கிளைகள் கூடின. பிறகு பாலத்தை ஒரு கார்பனாகச் சுருக்கி இன்னும் கிட்டே கொண்டுவந்தபோது விளைவும் கூடியது. 2004-இல் டைட்டானிய ஜோடியைக் கொண்டு, எத்திலீனோடு ஸ்டைரீன் என்ற பருமனான கூட்டாளியைச் சேர்த்துத் தொடுத்தபோது, தனி உலோகம் ஏற்றுக்கொள்ளத் தயங்கியதை ஜோடி தாராளமாக ஏற்றுக்கொண்டது.

ஏன்? முந்திரித் தோப்பில் பழம் பறிப்பதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒருவர் தொரட்டியால் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டால் இன்னொருவர் கையால் பறித்துப் போடலாம். வளைப்பவர் பறிக்கவில்லை, ஆனால் அவர் இல்லாமல் அந்த உயரத்துக் கொத்து கைக்கு வராது. இரண்டாவது உலோகம் செய்வது கிட்டத்தட்ட அதுதான். வளரும் சங்கிலியில் அல்லது வந்து சேரும் கூட்டாளி மூலக்கூறில் உள்ள ஒரு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை அது லேசாகத் தொட்டுப் பிடித்துக்கொள்கிறது. முறையான பிணைப்பு இல்லை, ஒரு சாய்மானம். அந்தப் பிடியால், கழன்று மிதந்து போயிருக்க வேண்டிய துண்டு முதல் உலோகத்துக்குப் பக்கத்திலேயே நின்று மறுபடி சங்கிலிக்குள் கிளையாகச் சேர்கிறது.

ஒரு கிளைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். கிளைதான் சரக்கின் குணம். கிளையே இல்லாத சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு விறைப்பாகும், அது குடத்துக்குச் சரி. சொட்டுநீர்ப் பக்கக் குழாய்க்கு வளைந்து கொடுக்கிற, வெயிலில் கிடந்தாலும் சட்டென்று வெடிக்காத சரக்கு வேண்டும். அதற்கு எத்திலீனோடு பியூட்டீனோ ஹெக்சீனோ கொஞ்சம் கலந்து, நேரான சங்கிலியில் அளவான குட்டைக் கிளைகளை வரவழைக்கிறார்கள். கிளை இருக்கிற இடத்தில் அடுக்கு குலையும், ஒரு சங்கிலியே இரண்டு அடுக்குகளில் கால் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். விரிசல் ஓடாமல் தடுப்பது அந்தப் பிடிதான். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் எங்கள் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த பிறகு, மறுநடவு செய்த கன்றுகளுக்குப் போட்ட குழாய்கள் இந்த ரகம். பத்து வருடம் உழைக்கிற குழாய்க்கும் மூன்றாம் கோடையில் விரிசல் விடுகிற குழாய்க்கும் வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கிளைக் கணக்கில் இருக்கிறது. (மீதி, கறுப்புக்காகச் சேர்க்கும் கார்பன் தூளிலும், பழைய பிளாஸ்டிக்கை எவ்வளவு கலந்தார்கள் என்பதிலும்.)

இந்தக் கட்டத்தில் இந்திய இளைஞர்களும் வருகிறார்கள். ஜெர்மனியில் கோட்டிங்கனில் ஹெர்பர்ட் ரோஸ்கி குழு 2005-இல் ஒரு ஆக்சிஜனுக்கு இந்தப் பக்கம் அலுமினியம், அந்தப் பக்கம் சிர்கோனியம் என்று ஒரே மூலக்கூறில் கோத்துக் காட்டியது. ஹாம்பர்க் கூண்டின் ஒரு துண்டை எடுத்துச் சிர்கோனியத்தோடு நிரந்தரமாக ஒட்டவைத்தது போல. எத்திலீனைத் தொடுக்க வழக்கத்தைவிடக் குறைவான அலுமினாக்சேனே இதற்குப் போதுமானதாக இருந்தது. ஆயிரம் காவல்காரர் கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை, ஆனால் நல்ல துப்பு. அந்தக் கட்டுரையில் சஞ்சய் சிங்கின் பெயர் இருக்கிறது. 2010-இல் இந்த வகைச் சேர்மங்கள் அனைத்தையும் தொகுத்து ரோஸ்கியோடு சேர்ந்து எழுதியவர் சுவாதின் மண்டல். அவருக்கு 2018-இல் பட்நாகர் விருது கிடைத்தது.

சரி, இதெல்லாம் நிஜமாகவே கூட்டுவேலைதானா? நான் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. இரண்டு உலோகம் உள்ள மூலக்கூறு வேகமாக ஓடினால் அது கூட்டுவேலை ஆகிவிடாது. ஒரு மூலக்கூறில் இரண்டு மையம் இருந்தால் வேலையும் இரண்டு மடங்குதானே. பாலம் போட்டதில் உலோகத்தைச் சுற்றியுள்ள நெருக்கடி மாறியிருக்கலாம், மின்னணுப் பங்கீடு மாறியிருக்கலாம். அதனால் நான் ஒரு கட்டுரையை எடுத்தால் முதலில் தேடுவது இரண்டு விஷயம். உலோக அணுக்களின் எண்ணிக்கையைச் சமமாக வைத்து, பாலமில்லாத தனி ஆட்களோடு ஒப்பிட்டார்களா? பாலத்தின் நீளத்தை மாற்றியபோது விளைவும் ஒழுங்காக மாறியதா? இந்த இரண்டும் இல்லாமல் 'கூட்டுறவு' என்று தலைப்பில் போடும் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. மார்க்ஸ் குழுவின் வேலையை நான் நம்புவதற்குக் காரணம் அவர்கள் இந்த ஒப்பீட்டைச் சலிக்காமல் செய்ததுதான்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது 2013-இல் வந்தது. டைட்டானியத்தையும் குரோமியத்தையும் ஒரே மூலக்கூறில் கட்டினார்கள். குரோமியத்துக்கு எத்திலீன் மூன்றைச் சேர்த்து ஹெக்சீன் செய்யும் பழக்கம் உண்டு. டைட்டானியத்துக்குச் சங்கிலி தொடுக்கும் பழக்கம். உள்ளே விடுவது எத்திலீன் மட்டும். குரோமியம் ஹெக்சீனைச் செய்து கொடுக்க, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டைட்டானியம் அதை வாங்கிச் சங்கிலியில் நான்கு கார்பன் கிளையாகக் கோத்துவிடுகிறது. இரண்டையும் தனித்தனியாக ஒரே கலத்தில் போட்டுக் கலக்கினாலும் இந்த வேலை நடக்கும்தான். ஆனால் ஹெக்சீன் திரவத்தில் அலைந்து திரிந்து டைட்டானியத்தைத் தேட வேண்டும். கட்டிப்போட்டபோது கிளைகள் தெளிவாகக் கூடின. பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுப்பதற்கும் சந்தையில் போட்டு எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆலைகள் இதை வாரி அணைத்துக்கொள்ளவில்லை. இந்த ஜோடி மூலக்கூறுகளைச் செய்யப் பல படிகள் வேண்டும், செலவு அதிகம். பழைய டைட்டானியம்–மெக்னீசியம்–அலுமினியக் கூட்டணி மலிவு, முரட்டுத்தனமானது, அறுபது வருடமாகப் பழகியது. இரண்டு வகைச் சங்கிலி கலந்த சரக்கு வேண்டுமென்றால் இரண்டு கலத்தை அடுத்தடுத்து வைத்து ஓட்டுகிறார்கள், தண்ணீர் வாரியம் போடும் கெட்டிக் குழாய்க்கான சரக்கு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. உப்புப் பரப்பின் மேல் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும் டைட்டானிய அணுக்கள் ஒன்றுக்கொன்று உதவுகின்றனவா என்ற கேள்விக்கு அந்தப் பழைய கூட்டணியிலேயே இன்னும் முடிவான பதில் இல்லை. சாட்சிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விசாரிக்க மார்க்ஸுக்கு முடிந்தது கரைசலில். திண்மப் பரப்பில் எல்லோரும் கூட்டமாக நிற்கிறார்கள்.

எத்திலீன் மட்டும் போதும் என்பதில் நிலக்கரிக்காரர்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. ரூர் உலை வாயுக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, எத்திலீன் என்றால் நாப்தாவும் இயற்கை வாயுவும்தான் என்று உலகம் இருந்தது. 2010-இல் சீனாவின் பாவ்தோவில் ஷென்ஹுவா நிறுவனம் அந்தக் கதையைத் திருப்பியது: நிலக்கரியை வாயுவாக்கி, வாயுவை மெத்தனாலாக்கி, மெத்தனாலை எத்திலீனும் புரொப்பிலீனுமாக்கி, ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் டன் பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் செய்யும் ஆலை. தண்ணீரைக் குடிக்கும், கரியமில வாயுவைக் கக்கும், ஆனால் ஓடுகிறது. நெய்வேலியிலும் பழுப்பு நிலக்கரியிலிருந்து மெத்தனால் எடுக்கும் திட்டம் சில ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. மெத்தனாலிலிருந்து எத்திலீனுக்குப் போகும் படியில் வேலை செய்வது சியோலைட் வகையைச் சேர்ந்த நுண்துளைக் கல். அதன் துளைக்குள் என்ன நடக்கிறது என்பதில் நடந்த சண்டை இதைவிடப் பெரியது, அதைத் தனியாக எழுதுகிறேன்.